பிரீத்திகாவின் மஞ்சள்

ஆனி மாதம், வளர்பிறைப் புதன்கிழமை காலையில், பிரீத்திகாவின் பெட்டி வீட்டு வாசலைத் தாண்டிய சற்று நேரத்தில், அவளுடைய மஞ்சள் நிறம் அவளைவிட்டு இரண்டு விரற்கடை இடப்பக்கமாக விலகி நின்றது. வேறு ஊராக இருந்தால் திருஷ்டி கழித்திருப்பார்கள், அல்லது மதுரைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். சிவகாசியில் அப்படிப்பட்ட குழப்பம் எதுவும் ஏற்படவில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துத்தான் அச்சில் எல்லா நிறமும் வருகிறது என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர்களுக்கும் தெரியும். நான்கில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் காலண்டரில் இருக்கும் லட்சுமிக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். அதற்கு இங்கே ரிஜிஸ்டர் அவுட் என்று பெயர். பால் ஊற்ற வந்தவர் வாசலில் நின்ற பிரீத்திகாவை ஏற இறங்கப் பார்த்தார். "மஞ்ச அவுட்டாயிருக்கு தாயி, அப்பாட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அப்பா ரத்தினசாமிக்குச் சாத்தூர் ரோட்டில் கீழே அச்சகமும் மேலே வீடுமாக ஒரு கட்டடம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது தொழில். சரவெடிப் பெட்டியில் பாயும் சிங்கம், புஸ்வாணப் பெட்டியில் மயில், கம்பி மத்தாப்புப் பெட்டியில் எந்த ஊர்க் குழந்தை என்று யாருக்கும் தெரியாத ஒரு சிரிக்கும் குழந்தை. அவர் அடித்த சிங்கத்துக்கு ஒரு மீசைமுடிகூட இரண்டாகத் தெரிந்ததில்லை. ரிஜிஸ்டர் நிற்காத தாள் எதுவும் அவருடைய கம்பெனி வாசலைத் தாண்டியதில்லை என்பதைப் பேச்சில் எப்படியாவது கொண்டுவந்து விடுவார். சட்டைப்பையில் பேனா இருக்குமோ இருக்காதோ, லென்ஸ் இருக்கும். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுத்தால், அதில் அச்சடித்திருக்கும் பிள்ளையாரை லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே இருக்கிற தேங்காயை எடுப்பார். அப்படிப்பட்டவருடைய ஒரே மகளுக்குத்தான் மஞ்சள் விலகியது.

பிரீத்திகா விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டடப் பொறியியல் படித்தவள். நான்கு வருடமும் காலேஜ் பஸ்ஸில் போய், காலேஜ் பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்தாள். அம்மாவும் அப்பாவும் இல்லாமல் ஒரு இரவுகூட வெளியே தங்கியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது, குளிர் தாங்க மாட்டாள் என்று அம்மா தங்கத்தாய் நிறுத்திவிட்டாள். அந்த ஊட்டியை பிரீத்திகா மறக்கவே இல்லை. சென்னையில் பெரிய கட்டடங்கள் எழும்பும் இடங்களில் மண்ணைத் தோண்டிச் சோதித்துச் சொல்லும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தபோது, சம்பளத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வருகிறேன் என்று பதில் எழுதிவிட்டாள். போக வேண்டும் என்ற ஆசை அவளுக்குத் தாகம் போல இருந்தது. வீட்டின்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேதான் சென்னையில் எந்த ஏரியாவில் விடுதி நல்லது என்று போனில் தேடினாள்.

தங்கத்தாய் மறுநாளே பெட்டி கட்டத் தொடங்கினாள். இதில் அவளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அந்த வீட்டிலிருந்தும், நாரணாபுரத்தில் அவள் பிறந்த வீட்டிலிருந்தும் வெளியேறிய பெண்கள் எல்லாம் மாலையும் கழுத்துமாகத்தான் வெளியேறியிருந்தார்கள். ஒரு பெண் வீட்டைவிட்டுப் போவதென்றால் அவளுக்குத் தெரிந்தது சீர்வரிசை ஒன்றுதான். ஆகவே பெட்டிக்குள் குத்துவிளக்கு போயிற்று, எவர்சில்வர் குடம் போயிற்று, அரிவாள்மனை போயிற்று, கருப்பட்டி மிட்டாயும் சாத்தூர் சேவும் ஒரு படையே சாப்பிடும் அளவுக்குப் போயின. சாயங்காலம் பிரீத்திகா எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைப்பாள். காலையில் தங்கத்தாய் திரும்ப உள்ளே வைப்பாள். ஹாஸ்டலில் அரிவாள்மனையை வைத்துக்கொண்டு யாரை வெட்டுவது என்று மகள் கேட்டால், வேளைக்கு ஒரு வெங்காயம் நறுக்க வேண்டாமா என்று அம்மா கேட்பாள். இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே கீழே இயந்திரம் ஓடும். தீபாவளி லேபிளுக்கு அதுதான் சீசன்.

வேலையில் சேர வேண்டிய தேதி ஆடி மாதத்தின் நடுவில் விழுந்தது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, வீட்டைவிட்டுக் கிளம்பவே கூடாது. கம்பெனிக்காரர்கள் ஆவணிக்குத் தள்ளிவைக்க மாட்டார்கள். இதற்குப் பெரியவர்கள் பரஸ்தானம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நாள் ஒன்றில், பயணம் போகிறவருடைய சாமான் ஏதாவதை முன்கூட்டியே வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அன்றைக்கே அவர் புறப்பட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளிலும் போகலாம். அந்தப் புதன்கிழமை தங்கத்தாயின் தம்பி ராஜபாண்டியன் காரில் வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு நாரணாபுரத்தில் தன் வீட்டுச் சாமி அறையில் வைத்தார். அந்தக் கணக்குப்படி பிரீத்திகா அன்று வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள். நீலமும் சிவப்பும் கருப்பும் அதை ஒத்துக்கொண்டன. மஞ்சள் ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் விலகல் இரண்டு விரற்கடைதான். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கை நீளம் ஆயிற்று. அதற்கடுத்த வாரம் பிரீத்திகா மாடிக்குத் துணி காயப்போடப் போனால், மஞ்சள் சமையலறையிலேயே இருந்துகொண்டது. மஞ்சள் போனதில் அவளுடைய பச்சைச் சுடிதார் நீலமாகத் தெரிந்தது, சிவப்பு ரிப்பன் ரோஸாகத் தெரிந்தது, முகம் பனிக்காலத்தில் வெளுத்தது போல இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருந்தது. வலி எதுவும் இல்லை. பசி, தூக்கம், கோபம் எல்லாம் முன்போலவே இருந்தன. விலகி நின்ற மஞ்சளோ பேசாது, நடந்தால் சத்தம் வராது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் கண்ணுக்கே தெரியாது. ரத்தினசாமி அதைப் பார்ப்பதற்கு, பட்டாசு சுற்றும் நீலக் கண்ணாடித்தாளைக் கண் முன்னால் பிடித்துக்கொள்வார். அப்போது மகளின் உருவம் கருப்பாக, மூக்குத்தி வரைக்கும் தெளிவாகத் தெரியும். தங்கத்தாய்க்குத் தாள் எதுவும் தேவைப்படவில்லை. அது எந்த மூலையில் நின்றாலும் அவளுக்குத் தெரிந்தது.

ரத்தினசாமி முதலில் காற்றைச் சந்தேகப்பட்டார். மில்லிலிருந்து தாள் லோடு வந்து இறங்கியதும் அச்சேற்றக் கூடாது. வந்த ஊரின் ஈரத்தை விட்டு இந்த ஊரின் காற்றுக்குப் பழகும்வரை அது அறையில் சும்மா கிடக்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் நிறத்துக்கும் கடைசி நிறத்துக்கும் நடுவில் தாள் மயிரிழை நீண்டு, எல்லாம் கெட்டுவிடும். மகளுக்கும் ஏதோ காற்று மாறியிருக்கிறது என்று அவளைத் தாள் அடுக்கும் ஏசி அறையில் உட்காரவைத்தார். அவளுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். அப்புறம் தாளில் நார் ஓடும் திசை தப்பினால் நிறம் நிற்காது என்பது ஞாபகம் வந்து, அவளுடைய கட்டிலைத் திருப்பிப் போட்டார். அப்புறம் தினமும் காலையில் ஹால் மூலையில், முதுகு ஒரு சுவரிலும் தோள் இன்னொரு சுவரிலும் முட்டும்படி அவளை நிற்கச் சொன்னார். இயந்திரத்துக்குள் போகிற ஒவ்வொரு தாளும் இரண்டு பக்கமும் முட்டி நின்ற பிறகுதானே உள்ளே போகிறது. பிரீத்திகா பல் தேய்த்தபடி அங்கே போய் நின்றாள். அப்பாவுக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று நினைத்தாள். இயந்திரம் ஓட்டுகிற பெத்தணன் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, மஞ்சள் எப்போதும் கடைசியாகத்தான் விழும், பொறுமையாக இருந்தால் தானாக வந்து விழுந்துவிடும் என்று தைரியம் சொன்னார். எல்லோரும் பொறுமையாக இருந்து பார்த்தார்கள். அது விழவில்லை.

நாரணாபுரத்து ராஜபாண்டியனுக்கு அச்சுத் தொழில் தெரியாது. அவருக்கு வெடிமருந்துதான் தெரியும். அவர் வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்னால், சமையலறை வாசலில் நின்று நீலத்தாள் வழியாக மஞ்சளைப் பார்த்தார். "அத்தான், மருந்துல பச்ச எரியணும்னா அதுக்கு ஒரு உப்பு, செவப்புக்கு ஒரு உப்பு போடுதோம். சமையல் உப்பு ஒரு சிட்டிக அதுல விழுந்துட்டா எல்லாம் போச்சு. மத்த கலர அமுக்கிட்டு மஞ்சதான் எரியும். அம்புட்டு அடம் புடிச்ச கலரு அது. இத நீங்க லென்ஸ வச்சுப் பாத்து என்ன பண்ணப் போறீக" என்றார். ரத்தினசாமிக்கு அது பிடிக்கவில்லை. சாப்பிடும்போது மோரை மைத்துனர் பக்கம் நகர்த்தாமல் இருந்தார்.

இதற்கிடையில் தங்கத்தாய் எந்த வைத்தியமும் செய்யவில்லை. ஒரே ஒரு தடவை, மஞ்சள் குறைகிறது என்றால் மஞ்சளைப் பூசினால் ஆயிற்று என்று ஒரு கிண்ணம் மஞ்சளை அரைத்து மகளுக்குத் தலைமுதல் கால்வரை பூசிக் குளிப்பாட்டினாள். பூசிய மஞ்சள் பிரீத்திகாவின் மேல் துளியும் தெரியாமல், சமையலறையில் நின்ற உருவத்தின் மேல் போய்ப் பளபளவென்று ஏறியது. அதற்குப் பிறகு அவள் அதை விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால், அந்த மஞ்சள் அவளுக்குப் பழகிவிட்டது. சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் அது எதிரில் வந்து உட்காரும். தாளிக்கும்போது கிட்டே வந்து மோந்து பார்க்கும். மத்தியானம் அவள் சற்றுக் கண்ணயர்ந்தால் அவள் முந்தானையைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்துக்கொள்ளும். பிரீத்திகா பத்து வயதில் அப்படித்தான் படுப்பாள். அதை நினைக்கும்போது தங்கத்தாய்க்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் நீர் வந்துவிடும். மகள் சென்னைக்குப் போனாலும் இது இங்கே இருக்கும் என்ற நினைப்பு அவளுக்கு ரகசியமான ஆறுதலாக இருந்தது.

பிரீத்திகா இதைக் கண்டுபிடிக்காமல் இருப்பாளா. ஒருநாள் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"ம்மா, அத விட்டுரும்மா."

"நான் எங்கட்டி புடிச்சேன். அதா நிக்குது."

"நீ புடிக்கலன்னா அது ஏன் ஒன் சேலையப் புடிச்சுக்கிட்டு நிக்குது. எனக்குத் தேதி நெருங்குதும்மா. அப்பா விட மாட்டேங்காக."

ரத்தினசாமி விட மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். ஆடி பிறந்து, ரயில் டிக்கெட் எடுத்த நாளும் நெருங்கியபோது, அவர் மகளை உட்காரவைத்து, குரலை உயர்த்தாமல் சொன்னார். ஒரு வேலையைப் பிழையோடு வெளியே அனுப்பி அவருக்குப் பழக்கம் இல்லை. சொந்த மகளை மூன்று நிறத்தோடு அனுப்பிவிட்டு அவரால் தூங்க முடியாது. முழுதாகச் சேரட்டும், அப்புறம் போகட்டும், இந்த வேலை இல்லாவிட்டால் இன்னொரு வேலை. "மெட்ராஸ்ல யாருப்பா கையில லென்ஸ் வச்சுக்கிட்டு அலையுறாக" என்று பிரீத்திகா கேட்டாள். "எனக்குத் தெரியுமேத்தா" என்றார் அவர். அப்பா கோபப்பட்டிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவருக்குக் கண்தான் கலங்கியது. மறுநாள் அவளே மாமாவுக்குப் போன் போட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிடச் சொன்னாள். போகவில்லை என்று சென்னைக்கு எழுதுவதற்குப் போனை எடுத்தாள். அம்மாதான், ரெண்டு நாள் போகட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டி வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்த உடனே மஞ்சள் எழுந்து போய் பிரீத்திகாவின் மேல் பொருந்தி நின்றது. ரத்தினசாமி லென்ஸை எடுத்து அவளுடைய காது ஓரத்தை, புருவத்தை, நகக்கண்ணைப் பார்த்தார். அப்படி ஒரு ரிஜிஸ்டரை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. பெத்தணனைக் கூப்பிட்டுக் காட்டினார். பெத்தணன், நான் அப்போதே சொன்னேனே என்றார். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஊரில் விஷயம் பரவி, நாலு தெரு தள்ளி இருக்கிற அச்சகக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் தங்கத்தாய்க்குப் பயம் வந்தது. பிரீத்திகா வைத்ததைச் சாப்பிட்டாள். சேவு அதிகம் என்று சொல்லவில்லை, கட்டில் ஏன் குறுக்கே கிடக்கிறது என்று கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள், சாயங்காலம் வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே சாய்வில் இருந்தாள். நிறம் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. காலண்டரில் குடத்தோடு நிற்கிற பெண்ணைப் போல, கண் யாரைப் பார்க்கிறது என்று தெரியாமல் இருந்தது. தங்கத்தாய் வேண்டுமென்றே ஒரு சண்டைக்கு வழி செய்து பார்த்தாள். பெட்டிக்குள் இருந்த அவளுடைய நல்ல சுடிதார்களை எடுத்துவிட்டு அரிவாள்மனையை வைத்தாள். மகள் அதைப் பார்த்து, "இருக்கட்டும்மா" என்று மட்டும் சொன்னாள். பிறந்ததிலிருந்து அம்மாவை எதிர்த்துப் பேசாமல் ஒரு நாள் கழித்திராத பிள்ளை அது. தங்கத்தாய் சமையலறைக்குள் போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குப் பெட்டி வாசலத் தாண்டையில நான் மனசுக்குள்ள ஒண்ணு நெனச்சேன்ட்டி. எல்லாம் போவுதே, ஏதாச்சும் ஒண்ணு மட்டும் இங்கன நின்னுட்டா நல்லாருக்கும்னு. அதான் நின்னுட்டு. நாந்தான் புடிச்சேன்."

பிரீத்திகா அம்மாவைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல்முறையாக அவள் கண் ஒருவரைப் பார்த்தது.

"இப்ப நான் கெளம்புனா அது திரும்ப நின்னுருமேம்மா."

"நிக்கட்டும். அதுபாட்டுக்கு இங்கன இருந்துட்டுப் போவுது. நான் பாத்துக்கிடுதேன். ஆடியாவது ஒண்ணாவது, நீ மிச்சத்தக் கொண்டுக்கிட்டுக் கெளம்பு. ஒன்னைய இப்பிடிப் பாக்க எனக்கு ஆகாது."

பிறகு அவள் கீழே இறங்கி அச்சகத்துக்குள் போனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆயுதபூஜைக்குத் தவிர அவள் அந்தப் படியை மிதித்ததில்லை. இயந்திரத்தின் சத்தத்தில் அவள் சொன்னது ரத்தினசாமிக்குக் கேட்கவில்லை. பெத்தணன் ஓட்டத்தை நிறுத்தினார். மகள் நாளைக்கு ரயில் ஏறுகிறாள் என்று தங்கத்தாய் திரும்பச் சொன்னாள். மஞ்சள் திரும்ப விலகுமே, பிழையோடு எப்படி அனுப்புவது என்று அவர் கேட்டார். அச்சுத் தொழிலில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. சரக்கில் சின்னப் பிழை இருந்தாலும் பரவாயில்லை என்று ஆர்டர் கொடுத்த பார்ட்டி ஒரு தாளில் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் அச்சகக்காரர் வாய் திறக்க முடியாது, அனுப்பித்தான் ஆக வேண்டும். தங்கத்தாய்க்கு அது தெரிந்திருந்தது. "பார்ட்டி நாந்தான். நான் ஓகே பண்ணுதேன். அனுப்புங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் பிரீத்திகா படியில் நின்றுகொண்டிருந்தாள். தங்கத்தாய் மடியில் இருந்த குங்குமச் சிமிழை எடுத்து, அத்தனை வேலைக்காரர்கள் முன்னிலையில் மகளின் நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். ரத்தினசாமி லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இயந்திரம் திரும்ப ஓடியது.

மறுநாள் சாயங்காலம் பெட்டி வாசலைத் தாண்டியபோது மஞ்சள் எதிர்பார்த்தபடியே சமையலறையில் நின்றுவிட்டது. நெற்றிக் குங்குமம் ரோஸாக மாறியது. சிவகாசி ஸ்டேஷனுக்கு ராஜபாண்டியனும் பெத்தணனும்கூட வந்திருந்தார்கள். அரிவாள்மனை கடைசியில் பெட்டிக்குள் இருந்ததா இல்லையா என்று ஒரு சண்டை பிளாட்பாரத்தில் நடந்தது, அம்மாவும் மகளும் இரண்டு பேரும் அழுதுகொண்டே சண்டை போட்டார்கள். செங்கோட்டையிலிருந்து வந்த ரயில் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் சாமான்களை ஏற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. ஜன்னல் வழியாக ரத்தினசாமி மகளின் கன்னத்தைத் தொட்டு, "மண்ணத் தோண்டுற எடத்துல பாத்து நில்லுத்தா" என்றார். வண்டி நகர்ந்தது. தங்கத்தாய் ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்தாள், பிறகு ஓடினாள், பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றாள்.

வீட்டுக்கு வந்து ஹாலில் விளக்கைப் போட்டபோதுதான் ரத்தினசாமி அதைக் கவனித்தார். மனைவி கட்டியிருந்த அரக்குச் சேலை கடுகுப்பூ நிறத்தில் இருந்தது. அவளுடைய நெற்றிக் குங்குமம் மஞ்சளாக இருந்தது. முகத்தில் பச்சை ஓடியிருந்தது. நீலத்தாள் எதுவும் இல்லாமலே அவருக்குப் புரிந்தது, அவளுடைய சிவப்பு அவளிடம் இல்லை. லென்ஸை வெளியே எடுத்தார், எடுத்த கையோடு திரும்ப வைத்துவிட்டார். தங்கத்தாய் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சாப்பிட வாங்க என்றாள். சமையலறையில் மகளின் மஞ்சள் மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தது.

சென்னையில் விடுதி அறையில் பிரீத்திகாவோடு தங்கியவள் திண்டுக்கல் பக்கத்து யோகேஸ்வரி. காலையில் கண் விழித்தபோது ஜன்னல் பக்கம் ஒரு சிவப்பு அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று, ஈரத்துண்டை எங்கே காயப்போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உங்க அம்மாவா என்று யோகேஸ்வரி கேட்டாள். அம்மாவோட செவப்பு என்று பிரீத்திகா சொன்னாள். தன் வீட்டிலிருந்து அப்படி யாரும் வரவில்லை என்பதில் யோகேஸ்வரிக்குச் சற்று வருத்தம். முதல் வாரம் அந்தச் சிவப்பு முழுக்க வீட்டு வேலையாகவே இருந்தது. துணியை மடித்தது, சாப்பிடாமல் ஆபீஸ் கிளம்பினால் கதவை மறித்துக்கொண்டு நின்றது. விடுதி நடத்துகிறவர்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, கூட்டமான நேரத்தில் மட்டும் பாத்ரூமை மறிக்க வேண்டாம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். ஆபீஸில் பிரீத்திகாவின் நிறத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. மண் தோண்டுகிற இடத்தில் எல்லோருக்கும் ஒரே நிறம்தான் ஒட்டியிருந்தது.

அந்த வருடத் தீபாவளிக்கும் அதற்கடுத்த வருடத் தீபாவளிக்கும் பிரீத்திகா வந்தாள். ரயிலிலிருந்து இரண்டு பேர் இறங்குவார்கள். வீட்டு வாசலில் விலகிய நிறம் இரண்டும் அவரவர்மேல் போய்ச் சேர்ந்துகொள்ளும். விடுமுறை முடிந்து பெட்டியைத் தூக்கும்போது, யாரும் சொல்லாமலே மஞ்சள் சமையலறைக்குப் போய்விடும், சிவப்பு செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். ஊரில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரத்தினசாமி மட்டும் இப்போதெல்லாம் மயிரிழை விலகின தாளை எடுத்துக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பதாகப் பெத்தணன் சொல்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரீத்திகா போன் பண்ணினாள். பின்னால் ஒரே இரைச்சலாக இருந்தது. தங்கத்தாய் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"ம்மா, ஒன் செவப்ப வச்சுக்கிட்டு என்னால முடியலம்மா. வீட்டு வேல பாத்ததெல்லாம் முன்னாடி. இப்ப மெட்ரோ ரயில்ல ஏறுனா ஜன்னல் சீட்டுதான் வேணுங்குது. ஞாயித்துக்கிழமையானா பீச்சு. அலையில போயி நின்னுக்கிட்டுக் கரைக்கே வர மாட்டேங்குது. இருட்டப் போவுது, கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது."

நாரணாபுரத்தில் பிறந்து, சிவகாசிக்கு வாழ்க்கைப்பட்டு, அப்பா வீட்டையும் புருஷன் வீட்டையும் தவிர வேறெங்கும் தனியாக ஒரு ராத்திரி தங்கியிராத தங்கத்தாய், புளி கரைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள். காதில் இரைவது இன்னதென்று அவளுக்கு இப்போது புரிந்தது.

"கூப்புடாதட்டி" என்றாள். "நிக்கட்டும். அது இப்பத்தான வீட்ட விட்டு வெளிய வந்துருக்கு."

நின்ற இடத்திலேயே அவளுடைய சேலை கணுக்கால் வரைக்கும் நனைந்து, ஓரத்தில் மணல் ஒட்டியிருந்தது. மகளின் மஞ்சள் ஒரு துணியை எடுத்துவந்து, சமையலறைத் தரையில் தேங்கியிருந்த உப்புத் தண்ணீரைத் துடைத்தது. தங்கத்தாய் அதற்கு வசதியாக ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ரசத்துக்குத் தாளித்தாள்.